ஆள் இத்தனை, மருந்து இத்தனை

என்ன பேராண்டி, டைரக்டர் ஆயிட்டியாமே? நேத்தே உங்க ஆத்தா வந்து சொல்லிட்டா. அவ சொன்ன தோரணையில நீ சினிமாப் படம்தான் எடுக்கப் போறியாக்கும்னு நெனச்சேன். பொறவுதான் வெளங்குச்சு, தீப்பெட்டிக் கம்பெனிக்கு டைரக்டர்னு. நல்லது. உக்காரு. அந்தப் பையைக் கீழ வை. கம்பெனி பறந்துராது.

கையில என்ன அது, கல்யாணப் பத்திரிகைக் கட்டு மாதிரி? போர்டு மீட்டிங் பேப்பரா? தொண்ணூத்தாறு பக்கமா! எல்லாம் கலரு வேற. சிவகாசி பக்கத்துல இருக்குங்கிறதுக்காக கண்டதையும் ஆப்செட்டுல போட்டுரணுமா? இதை எத்தனை பேரு படிச்சாக? நீ படிச்சியா? மோட்டுவளையைப் பாக்காத. அங்க பதில் எழுதியிருக்காது.

கூட்டம் எங்க? கொடைக்கானல்லயா? ஏன், சாத்தூர்ல நாற்காலி தீந்துபோச்சா? எடம் மாறுனாத்தான் யோசனை புதுசா வரும்கிற. குளிருல யோசனை வராது ராசா, தூக்கம் வரும். சரி, யாரு யாரு டைரக்டரு? உங்க அப்பன், சித்தப்பன், அத்தை, மாமன், அப்புறம் நீ. ஆக அஞ்சு பேரு. அஞ்சுல நாலு பேரு தெனமும் ஒரே அடுப்புல வெந்த சோத்தைத் திங்கிற ஆளுக. அங்க பேசாத பேச்சை மலை ஏறிப் போயி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துட்டுப் பேசப் போறீகளாக்கும்?

சிரிக்காத. எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் படிச்சது எஸ்.எஸ்.எல்.சி. ஒரு கம்பெனியில (பேரு வேண்டாம், மொதலாளி மகன் இன்னமும் கடைத்தெருவுல என்னையப் பாத்தா வணக்கம் சொல்றான்) முப்பத்தாறு வருசம் கணக்கெழுதுனேன். போர்டு கூடுனா மினிட்ஸ் எழுதுறதும் நான்தான், காப்பி கொண்டாந்து வைக்கிறதும் நான்தான். ரெண்டுல எதை அவுக ஆறுறதுக்குள்ள வாங்குனாகன்னு நீயே கண்டுபிடி.

மொத சங்கதி, அரசாங்கம் உன்னைய நம்பல. நம்பியிருந்தா இப்படி வெரல்விட்டு எண்ணி வச்சிருக்குமா? 2013ஆம் வருசத்துக் கம்பெனிச் சட்டத்தை எடுத்துப் பாரு. வருசத்துக்கு நாலு தடவை கூடணும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவுல 120 நாளுக்கு மேல போகக்கூடாது. சின்னக் கம்பெனின்னா அரை வருசத்துக்கு ஒண்ணு போதும், ரெண்டுக்கும் நடுவுல 90 நாளாச்சும் இருக்கணும். ஏழு நாள் முந்தியே நோட்டீசு. மூணுல ஒரு பங்கு ஆளு, இல்லாட்டி ரெண்டு பேரு, எது பெருசோ அது வந்து உக்காரணும். அதுக்குப் பேரு கோரம். பன்னெண்டு மாசம் ஒரு கூட்டத்துக்கும் தலைகாட்டாத டைரக்டருக்குப் பதவி தன்னால போயிரும். லீவு வாங்கியிருந்தேன்னாலும் போயிரும். நம்மூரு சீட்டுக் கம்பெனியிலகூட இம்புட்டுக் கறார் கெடையாது.

இதெல்லாம் உங்க ஆடிட்டர் பாத்துக்கிருவாரு. அவரு பாத்துக்கிட முடியாத சங்கதி ஒண்ணு இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன். காதைக் குடு.

பட்டாசு ஆலைக்குள்ள போயிருக்கியா? போகாம இருப்பியா, உங்க மாமனே ஒரு ஆலை வச்சிருக்காரே. மருந்தறைச் சுவத்துல பெயிண்டுல எழுதியிருக்குமே, பாத்திருக்கியா? இந்த அறையில இத்தனை ஆளு, இத்தனை கிலோ மருந்து, அதுக்கு மேல கூடாதுன்னு. பல அறையில ஆளு கணக்கு நாலுதான். சுத்திலும் வாசல் வச்சிருப்பாக, கதவு வெளிய பாத்துத் தொறக்கும். உள்ள போறதுக்கு முந்தி செருப்பைக் கழட்டணும், வாசல்ல கெடக்கிற செம்புத் தகட்டைத் தொடணும். ஒடம்புல சேந்திருக்கிற மின்சாரம் மண்ணுக்குள்ள போயிரணும்ல, அதுக்கு. செல்போனு கேட்டுலயே வாட்ச்மேன் கையில. கலந்த மருந்தை அன்னைக்கே முடிச்சிரணும். ராத்திரி மிச்சம் வச்சா அது தூங்குற நம்மளுக்குக் காவல் இருக்காது.

இதைவிட மேல ஒரு மீட்டிங் பாடம் எந்தக் காலேஜுல இருக்கு, சொல்லு பாப்போம்?

உங்க மீட்டிங் அறைச் சுவத்துலயும் எழுதிப் போடு. ஆளு இத்தனை, மருந்து இத்தனை. டைரக்டரு அஞ்சு பேரு சரி. அது போக எதுக்கு விற்பனை மேனேஜரு, அவருக்கு ஒரு உதவி, உதவிக்கு ஒரு படம் காட்டுற பையன், அந்தப் பையனுக்கு வயர் மாட்டிவிட ஒருத்தன்? தேவைப்படுற நேரம் கூப்பிடு, சொல்லிட்டுப் போகட்டும். சட்டமே பதினஞ்சு டைரக்டருக்கு மேல வேணும்னா பங்குதாரரைக் கேட்டு விசேசத் தீர்மானம் போட்டுட்டு வாய்யாங்குது. ஏன்? கூட்டம் பெருத்தா பேச்சு பெருக்கும், முடிவு சிறுக்கும்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு.

மருந்துன்னா விசயம். ஒரு தடவை உக்காந்தா எத்தனை விசயம்? உன் அஜெண்டாவுல எண்ணிப் பாத்தேன், இருவத்தி மூணு. அதுல முடிவு எடுக்க வேண்டியது எத்தனைன்னு பென்சில்ல சுழிச்சுப் பாரு. நான் சுழிச்சேன். மூணு. மிச்ச இருவதும் தாக்கல் சொல்றது. தாக்கலைப் பேப்பர்ல எழுதி முன்னாடியே அனுப்பிரு. படிக்கத் தெரிஞ்சவன் படிக்கட்டும். அஞ்சு பேரைக் கூட்டி வச்சு, திரையில இருக்கிறதையே ஒருத்தன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான், நாலு பேரு தலையை ஆட்டுறாக. ஒண்ணாங் கிளாசு தோத்துச்சு போ!

செல்போனை வாசல்ல ஒரு பனங்கொட்டான்ல போட்டுட்டு உள்ள போங்க. அவசரமாப் போனு வரும்கிற. மருந்தறையில இருக்கிற பொம்பளைக்கு அவசரம் இல்லையா? அவ பிள்ளைக்குக் காய்ச்சல் வராதா? அவ கொட்டான்ல போட்டுட்டுத்தானே உள்ள போறா. உன் போனு மட்டும் என்ன, கலெக்டர் ஆபீசா?

கலந்த மருந்தை மிச்சம் வைக்காதன்னேன்ல? அதான் இருக்கிறதுலயே பெரிய சங்கதி. அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம், ஒரு கமிட்டி போட்டு ஆராயலாம், இப்போதைக்கு ஆறப்போடலாம். இதெல்லாம் என்ன? கலந்த மருந்து. பாதிப் பேச்சுல எந்திரிச்சிட்டீகன்னா, அந்த மிச்சம் ராத்திரி வீட்டுக்கு வரும். உங்க சித்தி கிட்டப் போகும். அவ உங்க அத்தைக்குப் போனப் போடுவா. காலையில பாத்தா குடும்பமே ரெண்டு கூறு. எத்தனை கம்பெனி இந்த வட்டாரத்துல சரக்கு விக்காம மூடுனது, எத்தனை கம்பெனி அண்ணன் தம்பி பேசாம மூடுனதுன்னு நான் கணக்கெழுதி வைக்கல. எழுதியிருந்தா ஒரு பேரேடு காணாது.

ஒரு கூத்தைக் கேளு. எழுவதுகள்ல ஒரு கூட்டம். அஜெண்டாவுல ரெண்டே விசயம். ஒண்ணு, வெளியூர்ல இருந்து ஒரு மிசினு வாங்குறது. அந்தக் காலத்துலயே லட்சக் கணக்குல வெலை. ரெண்டாவது, அடுத்த வருசக் காலண்டருக்கு எந்தச் சாமி படம் போடுறது. மிசினைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஏன் கேப்பாக? கேட்டா தெரியாதுன்னு தெரிஞ்சு போயிருமே. அஞ்சு நிமிசத்துல "அனைவரும் ஏற்றனர்"னு எழுதிட்டேன். காலண்டர் வந்துச்சு பாரு! ஒருத்தருக்கு முருகன். ஒருத்தருக்கு லட்சுமி. லட்சுமி நின்னுக்கிட்டு இருந்தா காசு நிக்காது, உக்காந்திருக்கிற லட்சுமிதான் வேணும்னு ஒருத்தரு. இருக்கன்குடி மாரியம்மன் படம் போடாட்டி தாய் கோவிச்சுக்கிருவான்னு இன்னொருத்தரு. மூணு மணி நேரம். நடுவுல ரெண்டு தடவை காப்பி, ஒரு தடவை சட்டையப் பிடிச்சுக்கிட்டாக. கடைசியில தாமரையில உக்காந்த லட்சுமி, பக்கத்துல குட்டியா முருகன்.

அந்த மிசினு வந்து ஒரு வருசம்கூட ஓடல. பொறவு அது மேல வத்தல் காயப்போட்டோம். நல்லாத்தான் காஞ்சுச்சு.

இது நம்மூரு அதிசயம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். பார்க்கின்சன்னு ஒரு வெள்ளைக்காரர் 1957லயே இதைப் புத்தகமாப் போட்டு வச்சிருக்காராம். கோடிக் கணக்குல அணு உலைக்குச் செலவு பண்ணணும்னா கமிட்டி கண்ணை மூடிக் கையெழுத்துப் போடும், சைக்கிள் நிறுத்துற கொட்டகைக்குக் கூரை போடணும்னா முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டும்னு. அவரு சாத்தூருக்கு வந்திருந்தா கொட்டகையை எடுத்துட்டு காலண்டரை வச்சிருப்பாரு.

அதனால பெரிய விசயத்தை மொதல்ல வை. வெள்ளனக் காலையில, வயித்துல இட்டிலி சூடா இருக்கும்போது வை. உன் பேப்பர்ல பாதுகாப்பு எத்தனாவது நம்பரு? இருவத்தி ரெண்டு. அதுக்கும் கீழ "தலைவர் அனுமதிக்கும் இதர பொருள்". இருவத்தி ரெண்டு வரும்போது மணி ஒண்ணரை ஆயிருக்கும். பிரியாணி வாசம் கதவுச் சந்துல நுழைஞ்சிருக்கும். "பாதுகாப்பு திருப்திகரமாக உள்ளது"ன்னு எழுதிட்டு எல்லாரும் கை கழுவப் போவீக.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடி. முப்பத்தஞ்சு உசுருக்கு மேல. 2021 பிப்ரவரி 12, நம்ம சாத்தூர் பக்கத்துல அச்சங்குளம். இருவது உசுருக்கு மேல. அந்தப் பொகையை நான் இந்தத் திண்ணையில உக்காந்து பாத்தேன். இப்பேர்ப்பட்ட வெடிக்குப் பொறவு பேப்பர்ல திரும்பத் திரும்ப என்ன காரணம் போடுறாகன்னு படிச்சிருக்கியா? சுவத்துல எழுதுனதுக்கு மேல ஆளு, சுவத்துல எழுதுனதுக்கு மேல மருந்து, உள்குத்தகை. எல்லாம் எழுதித்தான் இருக்கு. கேக்க வேண்டிய எடத்துல இருக்கிறவன் கேக்கல. தீப்பெட்டிக்கும் அதே நெருப்புதான். நம்பர் ஒண்ணுல வை அதை. இதுல எனக்கு வேடிக்கை கெடையாது.

சரி, மூஞ்சியைத் தொங்கப்போடாத. நல்லாக் கூடுன கூட்டம் ஒண்ணைச் சொல்றேன். 2021 அக்டோபரு. சிவகாசியில தீப்பெட்டிச் சங்கம் அஞ்சு கூடுச்சு. என்ன பஞ்சாயத்து? 2007ல அம்பது காசுத் தீப்பெட்டி ஒரு ரூவா ஆச்சு. பதினாலு வருசம் அந்த ஒரு ரூவா அப்படியே கெடந்துச்சு. இட்டிலி ஏறுச்சு, பஸ்சு ஏறுச்சு, தீப்பெட்டி மட்டும் ஏறல. சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூவாயில இருந்து 810க்குப் போயிருச்சு. மெழுகு 58ல இருந்து 80. அட்டை வெலையும் ஏறிப்போச்சு. ஒருத்தன் மட்டும் வெலையை ஏத்துனா கடைக்காரன் அடுத்தவன் சரக்கை வாங்கிருவான். அதான் எல்லாரும் ஒண்ணா உக்காந்தாக. முடிவு ஒரே வரி: டிசம்பர் 1ல இருந்து ரெண்டு ரூவா. தேதி இருக்கு, தொகை இருக்கு. டிசம்பர் பொறந்ததும் கடையில ரெண்டு ரூவாதான். பதினாலு வருசமா எங்கய்யா தூங்குனீகன்னு நீ கேக்கலாம். கேளு. ஆனா முழிச்ச அன்னைக்கு வேலையை முடிச்சிட்டாகளா இல்லையா?

உன் தொண்ணூத்தாறு பக்கத்துல லைட்டருன்னு ஒரு வார்த்தை இருக்கா? தேடிப் பாத்தேன், இல்ல. ஆனா "2047க்கான தொலைநோக்கு"ன்னு பன்னெண்டு பக்கம் இருக்கு. சூரியன் உதிக்கிற படம் வேற. ஏய்யா, சீனா லைட்டரு பத்து ரூவாய்க்குப் பெட்டிக் கடையில தொங்குது. இருவது ரூவாய்க்குக் கீழ உள்ள லைட்டரை எறக்குமதி பண்ணக்கூடாதுன்னு 2023 ஜூன்ல சர்க்காரே உத்தரவு போட வேண்டியதாப் போச்சு. உத்தரவு எம்புட்டு நாளைக்குக் காக்கும்? ஊதுவத்தி பொருத்துறவன்கூட லைட்டருக்குப் போயிட்டான். நம்ம பெட்டியை அடுத்து யாருய்யா வாங்குவாங்கிற கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்கக்கூடாதா? இந்த ஊருல பேனா நிப்பு செஞ்சாகளே, கேள்விப்பட்டிருக்கியா? சாத்தூர் நிப்புன்னா தனி மவுசு. வீட்டுக்கு வீடு கைத்தொழிலு. பந்துமுனைப் பேனா வந்துச்சு. நிப்பு போச்சு. அதுவும் இடி விழுந்த மாதிரி ஒரே நாள்ல போகல. பைய, கண்ணு முன்னாலதான் போச்சு. நானே சட்டைப் பையில பந்துமுனைப் பேனாவைச் சொருகிக்கிட்டு, நிப்புக்காரர் வீட்டுத் திண்ணையில உக்காந்து தொழில் நசிஞ்சு போச்சேன்னு வருத்தப்பட்டவன்தான்.

உங்க போர்டுல பெரிய படிப்புக்காரங்க வேணும்னு உங்க அப்பன் யோசிக்கிறானாமே. வெளிநாட்டுல படிச்ச ஒருத்தரு, ரிட்டயர்டு ஆபீசர் ஒருத்தரு. தாராளமாக் கொண்டாரட்டும். உக்காந்ததுக்கு ஒரு கூட்டத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் குடுக்கலாம்னு சட்டமும் சொல்லுது. ஆனா ஐதராபாத்துக் கதையைக் கேட்டுட்டுக் கொண்டாரட்டும்.

2008 டிசம்பர் 16. சத்யம் கம்ப்யூட்டர் போர்டு கூடுச்சு. யாரு யாரு அந்த போர்டுல? ஹார்வர்டு வாத்தியாரு ஒருத்தரு. பென்டியம் சில்லுக்கே அப்பன்னு பேரு வாங்குனவரு ஒருத்தரு. இந்தியாவுக்கே கேபினட் செகரட்டரியா இருந்தவரு ஒருத்தரு. மேலாண்மைப் பள்ளிக்கூடத்து டீன் ஒருத்தரு. நம்ம சாத்தூர் மொத்தத்தையும் தராசுல ஒரு தட்டுல வச்சாலும் அந்தப் படிப்பு கனம் வராது. விசயம் என்ன? சேர்மன் குடும்பத்துக் கம்பெனி ரெண்டை, மேட்டாஸ்னு பேரு, 160 கோடி டாலருக்கு சத்யம் வாங்குறது. சத்யம்கிறதை இங்கிலீசுல எழுதிப் பின்னால இருந்து வாசி. மேட்டாஸ்னு வரும். ஒளிச்சுகூட வைக்கல பாரு! கேள்வியே வரலைன்னு சொல்லமாட்டேன். வந்துச்சு. வெலை சரியான்னு கேட்டாக. கேட்டுட்டு, எல்லாருமாச் சேந்து சரின்னாக. தாக்கல் வெளிய போச்சு, அமெரிக்காச் சந்தையில பங்கு பாதிக்கு மேல கவுந்துச்சு. சில மணி நேரத்துல "வாங்கல, வாங்கல"ன்னு பின்வாங்குனாக.

அடுத்த மாசம், 2009 ஜனவரி 7, சேர்மனே கடுதாசி எழுதுனாரு. பேங்குல இருக்கிறதாக் காட்டுன பணத்துல 5,040 கோடி இல்லவே இல்லைன்னு. புலி மேல ஏறிட்டேன், எறங்க வழி தெரியலைன்னு வேற. இதுல தமாசு என்ன தெரியுமா? அந்த 2008லதான் நிர்வாக ஒழுங்குக்குன்னு அந்தக் கம்பெனிக்குத் தங்க மயில் விருது குடுத்தாக. பொறவு மயிலைத் திரும்பப் பிடுங்கிட்டாக.

பாஸ்புக்கைக் காட்டுய்யான்னு ஒருத்தர் கேட்டிருந்தா? நம்ம தெருவுல சீட்டுப் பிடிக்கிற அக்கா கேப்பா. பத்தாயிரம் ரூவா சீட்டுக்கே நோட்டைப் புரட்டிப் பாத்துட்டுத்தான் மடியில முடியுவா. பெரிய மனுசன் அதைக் கேக்கமாட்டான். கேட்டா எதிர்த்தாப்புல இருக்கிறவன் சங்கடப்படுவானேன்னு யோசிப்பான். அதனாலதான் சொல்றேன், உங்க போர்டுல ஒருத்தராச்சும் நாகரிகம் இல்லாத ஆளு இருக்கணும். உங்க அத்தை இருக்காளே, அவளைப் பேச விடு. காப்பிக்குச் சொல்லிட்டு வாத்தான்னு எந்திரிக்க வைக்காத. எழுவதுகள்ல அந்த மிசினுக்கு அவ மாதிரி ஒருத்தி இருந்திருந்தா, ஓட்டிக் காட்டிட்டுக் காசு வாங்குன்னு சொல்லியிருப்பா.

எதிர்ப் பேச்சுப் பேசுறவனைப் பக்கத்துல வச்சுக்கிடுறது சின்ன மனசுக்காரனால ஆகாது. காமராசரு 1957லயும் 1962லயும் நம்ம சாத்தூர்லதான் ஓட்டு வாங்கிச் சட்டசபைக்குப் போனாரு. என்ன, தெரியாதா? விருதுநகர்னே நெனச்சிக்கிட்டு இருக்கியாக்கும். 1954ல அவரு முதலமைச்சர் ஆகும்போது அவரை எதுத்துச் சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தல்ல நின்னவரு சி. சுப்பிரமணியம். அவரை முன்மொழிஞ்சவரு பக்தவத்சலம். செயிச்சு வந்தவரு என்ன பண்ணாரு? ரெண்டு பேரையும் மந்திரி ஆக்குனாரு. அவரோட சேத்து மந்திரிசபையே எட்டுப் பேருதான். மொத்த மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் எட்டு. உங்க கம்பெனிக்கு எத்தனை துணைத் தலைவருங்க? ஏழா? நடத்து, நடத்து.

மாமன் சங்கதி ஒண்ணு பாக்கி இருக்கு. உங்களுக்கு அட்டை சப்ளை பண்றது யாரு? மாமனோட மச்சினன். அந்த ரேட்டை முடிவு பண்ற கூட்டத்துல மாமன் உக்காந்து, நல்ல அட்டைதான்னு தலையாட்டுவாரு. சட்டம் என்ன சொல்லுது? இதுல எனக்கு இன்ன சம்பந்தம் இருக்குன்னு மொதல்லயே வாயத் தொறந்து சொல்லிரணும். பேச்சைத் தொடங்கும்போது வெளிய காத்தாடப் போயிருங்க மாமான்னு நான் சொல்லுவேன். இது டெல்லிக்காரன் புதுசாக் கண்டுபிடிச்சது இல்ல. உத்திரமேரூர்ல 919, 921ஆம் வருசத்துலயே கல்லுல வெட்டி வச்சிருக்காக. ஊர்ச்சபை வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாம போனவனைத் திரும்பச் சேக்கக்கூடாது, அவன் சொந்தபந்தத்தையும் சேக்கக்கூடாதுன்னு. எந்தெந்த ஒறவுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லி அடைச்சிருக்கான், பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளைன்னு. அவனுக்கும் ஒரு மாமன் இருந்திருப்பான் போல.

அப்புறம் மினிட்ஸ். என் தொழிலு, கொஞ்சம் பெருமை பேசிக்கிடுறேன். "விரிவாக விவாதிக்கப்பட்டது"ன்னு எழுதாத. விரிவா யாரு விவாதிச்சது, யாரு தூங்குனதுன்னுலாம் எனக்குத் தெரியும். யாரு, என்ன, எந்தத் தேதிக்குள்ள. மூணும் இருந்தா ஒரு வரி போதும். ஒருத்தர் ஒத்துக்கிடலைன்னா அவரு பேரை எழுது. அதுதான் அவருக்கு மருந்தறைக் கதவு; வெடிச்சா அந்த வழியாத்தான் வெளிய ஓடணும். முப்பது நாளைக்குள்ள மினிட் புக்குல ஏறிரணும். பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போடணும், தலைவர் கையெழுத்து வேணும். முக்கியமா, தனிப் பேப்பர்ல அடிச்சு நோட்டுல ஒட்டக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. பாரு கூத்தை! ஊரே பெட்டி ஒட்டிப் பொழைச்ச ஊரு, நமக்கு இது ஒண்ணைத்தான் ஒட்டக்கூடாதுன்னு வச்சிருக்கான்.

அடுத்த கூட்டத்துல மொத வேலையா போன கூட்டத்து நோட்டை எடுத்து, இன்னார் இன்ன தேதிக்குள்ள முடிக்கிறேன்னாரே, முடிஞ்சதான்னு கேளு. நான் இருந்த கம்பெனியில ஒரு தடவை கேட்டேன். மறு கூட்டத்துல இருந்து காப்பி மட்டும் கொண்டா போதும்னுட்டாக.

அதென்ன கேட்ட? சித்தப்பன் சிங்கப்பூர்ல இருந்து வீடியோவுல வருவாரா? வரட்டும், சட்டம் அதை வருகையாத்தான் எடுத்துக்கிடும். ஆனா மூஞ்சி தெரியணும். போன தடவை சட்டைக்குக் கீழ லுங்கியோட எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போனாருன்னு உங்க ஆத்தா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அதுகூடப் பரவாயில்ல. "ம்யூட்டுல இருக்கீக, ம்யூட்டுல இருக்கீக"ன்னு பத்து நிமிசம் கத்துனீகளாமே. கொடைக்கானல்ல சிக்னலும் கெடைக்காது, சொல்லிட்டேன்.

போயி ரூமை ரத்து பண்ணு. இங்கனயே ஆபீசு மாடியில, காலையில எட்டரைக்குக் கூடுங்க. மூணு விசயம், அஞ்சு ஆளு, பத்தரைக்கு முடிஞ்சிரும். தொண்ணூத்தாறு பக்கத்தை இங்க விட்டுட்டுப் போ. ஒரு பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, பேத்தி படம் வரையட்டும்.

கூட்டத்துக்குத் திங்க என்ன வாங்குறன்னு யோசிக்காத, நம்மூரு காரச்சேவு அரைக் கிலோ போதும். பூண்டு வாசம் தூக்கலா இருந்தா யாரும் நெருங்கி உக்காந்து குசுகுசுன்னு பேசமாட்டாக. எனக்குக் கால் கிலோ தனியா வாங்கு. வெள்ளரிப் பிஞ்சு கண்டா ரெண்டு. அதைக் கம்பெனி கணக்குல எழுதிராத, உன் காசுல வாங்கிட்டு வா.